லினக்ஸ் கணினியும் இசைச் செயலிகளும்

சென்ற கோடை விடுமுறையில் கம்மாபுரத்தில் எம் உறவினர் இல்லத்தில் யாம் தங்கியிருந்தபோது, அவ்வீட்டுப் பிள்ளை ஒருவன், தன் தமக்கைக்கு முன்னர் அரசினர் அளித்த மடிக்கணினியை எம் முன் வைத்து, “மாமா, கைப்பேசியில் ஒலிக்கும் பாட்டு இதில் மட்டும் ஏன் ஒலிக்க மறுக்கிறது?” என்று வினவினான். அஃது அவனுக்கு விளையாட்டுக் கேள்வி அன்று. அவன் வாய்ப்பாட்டுப் பயில்பவன். வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி விடியலில் தந்தையோடு நெய்வேலிக்குச் சென்றால் இருட்டிய பின்னரே திரும்பும். பகலிற் கேட்டுப் பழகுதற்கு அவனிடம் உள்ளது அக்கணினி ஒன்றே. அன்று யாம் சொன்ன விடை அரைகுறையாய் இருந்தமையின், அதனை ஈண்டுச் சற்று விரித்துரைக்க முற்படுகின்றோம்.

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தை நம் மாணவர் அறிவர். அக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளமும் உடன்வைத்து வழங்கப்பட்டது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனத்தார் ஆக்கி, 2007இல் வெளியிட்டது அது. லினக்ஸின் கருவை 1991இல் வெளியிட்டவர் லைனஸ் தோர்வால்ட்ஸ். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். எம் உறவினர் கணினியில் விண்டோஸ் எப்போதோ பழுதுற்று, லினக்ஸே எஞ்சி நின்றது.

லினக்ஸில் இசை கேட்பார்க்குத் தொல்லை புதிதன்று. முதற்கண் எம்பி3 என்னும் ஒலிச்சுருக்க முறை காப்புரிமைக்கு உட்பட்டிருந்தமையால், லினக்ஸை வழங்குவோர் பலர் அதனைத் திறக்கும் நிரலை உடன்வைக்கத் தயங்கினர். பயன்படுத்துவோர் தாமே தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 2017இல் அவ்வுரிமங்கள் முடிவுற்ற பின்னரே அத்தடை நீங்கிற்று. இணையத்திற் பாட்டு வரத் தொடங்கிய காலத்துத் தளங்கள் பல ஃபிளாஷ் என்னும் செருகுநிரலை வேண்டின. அதுவும் லினக்ஸில் ஒழுங்காய் நடந்ததில்லை. 2020ஆம் ஆண்டின் இறுதியோடு எங்கணும் ஓய்ந்தது.

இக்காலத்துத் தடையோ பூட்டு வடிவிலுள்ளது. ஸ்பாட்டிஃபை போன்ற நிறுவனங்கள் இணைய உலாவிக்குப் பாட்டைக் குழப்பிய வடிவிலேயே அனுப்புகின்றன. அதனை மீட்டுத் தெளிவாக்கும் திறவுகோல், கூகுளுக்குரிய வைட்வைன் போன்றதொரு மூடிய நிரற்பகுதியின் வசம் இருக்கும். ஒருவன் தன் வீட்டிற்குப் பெட்டி ஒன்றை வரவழைக்கிறான். சாவியோ பெட்டியோடு வந்த காவற்காரனிடம் உள்ளது. அக்காவற்காரன் வீட்டுக்காரனுக்கு அடங்கியவன் அல்லன். இஃது ஒருவாறு அதன் நிலை. இம்முறைக்கு உலாவிகள் இடந்தரும் நியதியை உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2017 செப்டம்பரில் பெரும் எதிர்ப்பினிடையே ஏற்றது. லினக்ஸோ, கணினியினுள் நடப்பதனைத்தையும் அதன் உடையவன் காணலாம் என்னும் கொள்கையினது. எனவே கட்டற்ற நிரல்களையே வழங்குவோர் வைட்வைனை உடன்வைப்பதில்லை. குரோமில் அது முன்னரே உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் லினக்ஸில் நம் இசைவைக் கேட்டபின் இறக்கிக்கொள்ளும். குரோமியத்திலோ பெரும்பாலும் இராது.

இங்கே வேடிக்கை ஒன்றுண்டு. பிள்ளையின் தந்தையார் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உட்கருவும் லினக்ஸே. ஆகவே லினக்ஸுக்குப் பாட்டு வாராது என்பது பொருந்தாது. கைப்பேசி வாங்குவோர் கோடிக்கணக்கினர். மேசையில் லினக்ஸ் வைத்திருப்போர் நூற்றுக்குச் சிலர். வணிகர் கூட்டமுள்ள சந்தைக்கே கடை கொண்டு செல்வர். 2019 பிப்ரவரியில் இந்தியாவிற்கு வந்த ஸ்பாட்டிஃபைக்கு லினக்ஸ் செயலி உண்டு. ஆயினும் அது தம் பொறியாளர் சிலர் ஓய்வு நேரத்திற் செய்வது என்றும், தாம் முனைந்து ஆதரிப்பதன்று என்றும் அந்நிறுவனமே அறிவித்துள்ளது. ஆப்பிள் மியூசிக் லினக்ஸ் செயலி தரவேயில்லை. உலாவி வழியே கேட்கலாம்.

கம்மாபுரத்துக் கணினிக்கு வருவோம். அதிலிருந்தது 32 பிட் இயங்குதளம். அத்தகைய லினக்ஸுக்குக் குரோம் வழங்குவது 2016 மார்ச்சிலேயே நின்றுவிட்டது. உள்ளிருந்த பழைய உலாவியைக் கண்டு இசைத்தளம் ஒன்று வாயிலிலேயே எம்மைத் திருப்பிவிட்டது. செயலகம் 64 பிட் ஆயிருந்தது எம் நல்வினை. எனவே புதிய டெபியனை நிறுவி, ஃபயர்ஃபாக்ஸில் பூட்டிய உள்ளடக்கத்திற்கு இசைவளித்தோம். பாட்டு ஒலித்தது. பிள்ளை கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரப் பாடல்களைத் தேடினான். பட்டியலோ பெயர்களை ஆங்கில எழுத்திலே, ஓரிடத்தில் ஒருவாறும் பிறிதோரிடத்தில் வேறாகவும் தந்தது. சிதம்பரத்திற்கு இத்துணை அருகில் இருந்தும், அதனைச் சென்றடையத் துடித்த நந்தனாரைத் தேட ரோமானிய எழுத்துக்கூட்டலிற் புலமை வேண்டியிருப்பது எமக்கு நகைப்பையும் வருத்தத்தையும் ஒருங்கே தந்தது.

ஆயினும் பிள்ளையின் இடர் முற்றும் தீர்ந்திலது. கணினிக்கு இணையம் வருவது தந்தையாரின் கைப்பேசி வழியே. அது நெய்வேலியில் இருக்கும் பகலில் உலாவியிலும் பாட்டில்லை. கைப்பேசிச் செயலியில் இறக்கி வைத்த பாட்டோ அச்செயலிக்குள்ளேயே பூட்டுண்டு கிடப்பது. கணினிக்குப் பெயர்த்தல் இயலாது. ஸ்பாட்டிஃபையின் லினக்ஸ் செயலியிற் சந்தா செலுத்துவோர் இறக்கி வைக்கலாம். மாதந்தோறும் அத்தொகையைச் செலுத்தும் நிலையில் அவ்வீடு இல்லை.

கடைசியில் அவன் பாட்டாசிரியரையே அணுகினோம். அவர் தாம் பாடிய பன்னிரண்டு உருப்படிகளைப் பதிந்து, விரற்பருமனுள்ள பென்டிரைவில் இட்டுக் கொடுத்தார். விஎல்சி என்னும் செயலியில் அவை இசைவு எதுவும் கேளாமல் ஒலித்தன. இரண்டாம் பதிவின் நடுவே அவர் வீட்டுச் சேவல் கூவுகின்றது. அவ்விடத்தைப் பிள்ளை ஒவ்வொரு நாளும் தவறாது கேட்டுச் சிரிப்பதாக அவன் தாயார் எழுதியுள்ளார்.