வக்கீல்மேல் வழக்கு

எம் ஊரில் முதியவர் ஒருவர் உளர். பாட்டன் காலத்து நஞ்சை நிலத்தைப் பற்றி முன்சீப் கோர்ட்டில் நடந்த தாவாவில் அவர் தோல்வியுற்றார். அப்பீல் செய்தற்குரிய 30 நாள் கெடுவுக்குள்ளாகவே பணமும் கையொப்பமும் தம் வக்கீலிடம் கொடுத்து நிம்மதியாய் வீடு திரும்பினார். அப்பீல் தாக்கல் செய்யப்படவேயில்லை என்பதை அவர் அறிந்தது, எதிர்க்கட்சியார் அமீனாவுடன் வரப்பின்மேல் வந்து நின்ற அன்றுதான். "தம்பி, நீ காலேஜில் படிக்கிற பிள்ளையாயிற்றே! வக்கீல்மேல் வழக்குப் போட ஒரு வக்கீல் கிடைப்பாரா?" என்று சென்ற விடுமுறையில் அவர் எம்மை வினவினார். யாம் பயில்வது இலக்கியமேயன்றிச் சட்டமன்று. ஆயினும் அவ்வினா எம்மை விடவில்லை. கற்றும் கேட்டும் அறிந்தவற்றை ஈண்டு வரைகின்றோம்.

வக்கீல், வக்காலத்து என்னும் சொற்கள் அரபு மொழியினின்று வந்தவை. ஒருவர் பொருட்டு மற்றொருவர் நிற்றலைக் குறிப்பன. அங்ஙனம் நிற்பவர் அசட்டையாயிருந்து நட்டம் விளைத்தால், வக்கீல் என்னும் காரணம் பற்றியே அவர் தப்பிவிடலாகாது என்று 1926-ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் சட்டம் இயற்றப்பட்டது. இன்று இத்தகைய குறையுடையார்க்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டப்படி மாநிலப் பார் கவுன்சிலில் முறையிடுதல். அது கண்டிக்கும், சிலகாலம் தொழிலினின்று விலக்கும், பட்டியலினின்று பெயரையே நீக்கும். ஆனால் இழந்த பொருளை மீட்டுத் தராது. மற்றொன்று, சிவில் கோர்ட்டில் நட்டஈடு கோருதல். நுகர்வோர் மன்றத்தின் கதவு 2024 மே 14-இல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பால் அடைபட்டது.

நிற்க. சிவில் வழக்குக்கு எத்தகைய வக்கீலை நாடுவது? இவ்வழக்கினுள் மற்றொரு வழக்கு ஒளிந்து கிடக்கின்றது என்பதைப் பலர் உணர்வதில்லை. அப்பீல் போடப்படவில்லை என்று காட்டினால் மட்டும் போதாது. போட்டிருந்தால் வென்றிருப்போம் என்றும் மெய்ப்பிக்க வேண்டும். தோற்கவே வேண்டிய வழக்காயின், முதல் வக்கீலின் தவற்றால் கெட்டது யாது? ஆதலின், வக்கீல்களைக் கண்டிக்கும் வாய்வீரரைத் தேடுதல் வீண். நில வழக்கு கெட்டதாயின் பட்டாவும் அடங்கலும் கிரயப் பத்திரமும் நுணுகிப் பார்க்கத் தெரிந்த நில வழக்கறிஞரே வேண்டும்.

அவர் முதல் வக்கீலோடு ஒரே கோர்ட்டு வளாகத்தில் நாடோறும் காப்பி அருந்துபவராயிருத்தல் நன்றன்று. நேர்மையில் அவர் குறைந்தவர் என்பது எம் கருத்தன்று; தோழரைக் கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்ய எவர்க்கும் நாக்கூசும். அயல் ஜில்லாவுக்குச் சென்றாலும் தாழ்வில்லை. "அவரை அறிவீரோ?" என்று நேரே கேட்டுவிடலாம்.

நல்ல வக்கீல் வழக்குப் போடுமுன், கெட்டதை இன்னும் சீர்ப்படுத்தலாமா என்று பார்ப்பார். தாமதத்தை மன்னிக்கக் கோரி அப்பீல் செய்ய 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் இடந்தருகின்றது. வக்கீலின் குற்றத்திற்காகக் குற்றமற்ற கட்சிக்காரர் துன்புறலாகாது என்று 1981-இல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில் கூறிற்று. எனினும் கட்சிக்காரரே உறங்கிக் கிடந்தாரா என்பதையும் நியாயஸ்தலங்கள் நோக்கும்.

அடுத்து அவர் கேட்பது கட்டுக்களை. பீஸ் பாக்கி என்று சொல்லிப் பழைய வக்கீல் அவற்றை வைத்துக்கொள்ளுதல் கூடாதென்பது 2000-ஆம் ஆண்டின் தீர்ப்பு. ஒப்பந்த மீறல் பற்றிய வழக்குக்குக் கெடு மூன்றாண்டே. பீஸ் இவ்வளவென்று எழுத்தில் பெறுதல் நலம். "ஜெயித்தால் பாதி எனக்கு" என்பவர் வாயில் வருவது அமெரிக்க வழக்கம். இந்தியப் பார் கவுன்சில் விதிகள் அதனை விலக்குகின்றன. விளம்பரமும் விலக்கப்பட்டதே; எனவே பெரிய பலகை கண்டு மயங்குவதற்கில்லை. பொருளற்றோரும் பெண்டிரும் பட்டியலினத்தாரும் பழங்குடியினரும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவிக்கு விண்ணப்பிக்கலாம்.

இவற்றையெல்லாம் முதியவரிடம் கூறினோம். அவர் தகரப் பெட்டியைத் திறந்தார். அதனுள் இருந்தது பணம் பெற்றுக்கொண்டதாக வக்கீலின் குமாஸ்தா எழுதித் தந்த துண்டுச் சீட்டு ஒன்றே. மூன்றாண்டில் ஓராண்டும் நான்கு திங்களும் கழிந்துவிட்டன. மறுநாட் காலை, தீர்ப்பின் நகலுக்கு மனுச்செய்ய அவரும் யாமும் முதல் பஸ்ஸில் புறப்பட்டோம்.