இரு கண்ணும் இருண்டன, நம்பிக்கை இருளவில்லை!

பெர்லின் நகரம். பிரஷ்ய நாட்டு மன்னர் இரண்டாம் பிரடெரிக்கின் அரண்மனை. அறிஞர்களும் கவிஞர்களும் அங்கே கூடுவார்கள். மதத்தைக் கேலி பேசுவதுதான் அந்த அவையில் நாகரிகம்! மன்னரும் சேர்ந்து சிரிப்பார்.

அந்த மன்னரிடம் சம்பளம் வாங்கிய ஒருவர், 1747-ம் ஆண்டில் கிறிஸ்தவ மதத்துக்காக வாதாடி ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். அவர் பாதிரியார் அல்ல. கணித மேதை! பெயர், லெயோன்ஹார்ட் ஆய்லர்.

வட்டக் கணக்கில் “பை” என்று ஒரு குறி போடுகிறோம் அல்லவா? அதை உலகம் எங்கும் பரவச் செய்தவர் இவர்தான்.

பாதிரியார் மகன்

சுவிட்சர்லாந்து நாட்டின் பாசல் நகரில், 1707 ஏப்ரல் 15-ந் தேதி ஆய்லர் பிறந்தார். தந்தை பாதிரியார். மகனும் பாதிரியார் ஆகவேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் ஜோகான் பெர்னூலி என்ற கணித அறிஞர் பையனின் திறமையைக் கண்டுகொண்டார். சனிக்கிழமைதோறும் அவனுடைய சந்தேகங்களைத் தீர்த்து வைத்தார். தந்தையிடமும் எடுத்துச் சொன்னார். தந்தை இசைந்தார்.

20-வது வயதில் ஆய்லர் ரஷ்யாவுக்கு, பீட்டர்ஸ்பர்க் நகருக்குப் போனார். அங்கே 1738-ல் வலது கண் பார்வை போயிற்று. 1741-ல் பெர்லினுக்கு வந்தார். மன்னர் பிரடெரிக், “ஒற்றைக் கண் அரக்கன்” என்று பொருள்படும் பெயரைச் சொல்லி அவரைக் கேலி செய்தார்.

ஆய்லர் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. தினமும் மாலையில் வீட்டில் உள்ளவர்களைக் கூட்டிவைத்து ஜெபம் செய்வார். பைபிளில் ஓர் அதிகாரம் படிப்பார். அவருக்குப் பிறந்த பிள்ளைகள் 13 பேர். அவர்களில் 8 பேர் சிறு வயதிலேயே இறந்துவிட்டார்கள். அந்தத் துயரத்திலும் ஜெபம் நிற்கவில்லை.

அவர் வாதம் என்ன?

“வேதத்தில் புரியாத இடங்கள் இருக்கின்றன. ஆகவே அது பொய்” என்றார்கள் எதிர்ப்பாளர்கள்.

ஆய்லர் தமக்குத் தெரிந்த துறையைக் கொண்டே பதில் சொன்னார். கணிதத்திலும் சிக்கல்கள் உண்டு. முன்னுக்குப் பின் முரண்போலத் தோன்றுபவை உண்டு. அதற்காக யாராவது கணிதத்தைத் தூக்கி எறிகிறார்களா? இல்லையே! பிறகு வேதத்துக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? இதுதான் அவருடைய கேள்வி.

ஆய்லரைப் பற்றி ஒரு கதை உண்டு. ரஷ்ய அரண்மனையில் திதரோ என்ற நாத்திக அறிஞரிடம் அவர் ஏதோ ஒரு சூத்திரத்தைச் சொல்லி, “ஆகவே கடவுள் இருக்கிறார்!” என்றாராம். கணக்குத் தெரியாத திதரோ வெட்கி ஓடினாராம். இது கட்டுக்கதை! திதரோ கணிதம் நன்றாகத் தெரிந்தவர். கணிதத்தைப் பற்றி எழுதியும் இருக்கிறார். ஆய்லரும் வெற்றுச் சூத்திரத்தைக் காட்டி மிரட்டுகிறவர் அல்ல.

சோதனை மேல் சோதனை

1766-ல் ஆய்லர் ரஷ்யாவுக்குத் திரும்பினார். இடது கண்ணிலும் புரை விழுந்தது. 1771-ல் அறுவை செய்தார்கள். பார்வை வந்தது! ஆனால் சில நாட்களில் மறுபடியும் போய்விட்டது. அதே ஆண்டில் வீடு தீப்பற்றியது. ஊர்க்காரர் ஒருவர் அவரை முதுகில் சுமந்து காப்பாற்றினார். 1773-ல் மனைவி காதரீனா இறந்தார்.

இத்தனைக்கும் பிறகு அவர் சோர்ந்து உட்காரவில்லை. மனதிலேயே கணக்குப் போட்டார். மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். 1775-ம் ஆண்டில் சராசரியாக வாரம் ஒரு கட்டுரை எழுதி முடித்தார்!

இயற்கணிதம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூலை, அவர் சொல்லச் சொல்ல எழுதியவன் ஒரு வேலைக்காரப் பையன். முன்பு தையல் தொழில் பழகியவன். எழுதி முடித்தபோது அவனுக்கே இயற்கணிதம் வந்துவிட்டது! அவ்வளவு தெளிவாகச் சொல்லுவார் ஆய்லர்.

1783 செப்டம்பர் 18-ந் தேதி. அன்றும் பேரக் குழந்தைக்குப் பாடம் சொன்னார். புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்த யுரேனஸ் கிரகத்தைப் பற்றிப் பேசினார். திடீரென்று மயங்கினார். அன்று இரவே உயிர் பிரிந்தது. வயது 76.

மன்னர் கேலி செய்தார், கண்கள் கைவிட்டன, வீடு எரிந்தது. ஆய்லர் கணக்கையும் விடவில்லை, கடவுளையும் விடவில்லை.