பங்குக் கூடையில் வந்த பீர்க்கங்காய்

மார்ச்சு மாத இறுதியில் புனே நகரில் குளிர்காலக் காய்களின் வரத்துக் குறைகிறது. பச்சைப் பட்டாணியும் வெந்தயக்கீரையும் அருகிப்போக, கொத்தவரை, வெண்டை, பீர்க்கு, சுரை, வெள்ளரி ஆகியவை அவற்றின் இடத்தைப் பிடிக்கின்றன. புளிப்பு மிக்க மாங்காயும் அப்போதே வந்துவிடும். இங்கு வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இவற்றைச் சந்தை வழக்கில் கவார், பேண்டி, தோட்கா, துதி, காக்டி, கைரி என்றே முதலில் அறிகின்றனர். தமிழ்ப் பெயர்கள் பெரும்பாலும் சமையலறையில்தான் அவர்கள் காதில் விழுகின்றன. (பீர்க்கு என்பதோடு காய் சேரும்போது 'அம்' என்னும் சாரியை தோன்றிப் பீர்க்கங்காய் ஆகிறது. கொத்தவரை, ஈற்று ஐகாரம் கெட்டுக் கொத்தவரங்காய் ஆகிறது.)

இக்காய்களைக் கடையில் வாங்காமல், விளையும் நிலத்திலிருந்தே பெறும் முறை ஒன்று உண்டு. ஒரு பருவத்திற்குரிய தொகையைக் குடும்பத்தார் உழவரிடம் முன்னதாகவே கொடுத்துவிடுவர். வாரந்தோறும் விளைச்சலில் ஒரு பங்கு கூடையாக வீட்டுக்கு வரும். இன்ன காய்தான் வேண்டும் என்று கேட்க இயலாது. நிலம் தந்ததே வரும். வெயிலால் விளைச்சல் குன்றினால் கூடையும் சிறுத்துவிடும். அந்த இழப்பை உழவர் மட்டும் சுமக்கக் கூடாது என்பதே இம்முறையின் உயிர்க்கருத்து. ஜப்பானில் 1970களில் இது 'தெய்கெய்' என்னும் பெயரில் பரவியது. அமெரிக்காவில் 1986இல் தொடங்கியது.

இடைத்தரகர் இன்றி விற்பது இந்தியாவிற்கும் புதிதன்று. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999இல் மதுரையில் திறக்கப்பட்டது. மகாராட்டிர அரசு 2016இல் காய்கனிகளை ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. அதற்கு முன்பே, புனேயை அடுத்த முள்சி வட்டத்தில் ஞானேசுவர் போட்கே தொடங்கிய அபினவ் உழவர் மன்றம், காய்கறிகளை நகர வீடுகளுக்கு நேரே கொண்டு சேர்க்கத் தொடங்கியிருந்தது.

பறித்த பின்னும் காய் உயிருள்ள பொருளே. அது மூச்சுவிடுகிறது, நீரை இழக்கிறது, வாடுகிறது. ஆகவே காலையில் பறித்து அன்றே சமைக்கும் காய்க்கு மிகுந்த மசாலா வேண்டியதில்லை. பிஞ்சுக் கொத்தவரையை நறுக்கி, சிறிதளவு நீரில் மூடாமல் வேகவைத்தால் பச்சை நிறம் மங்காது. காயிலுள்ள அமிலம் ஆவியோடு வெளியேறுவதே அதற்குக் காரணம். மூடிவைத்தால் அந்த அமிலம் உள்ளேயே தங்கி நிறத்தைக் கெடுத்துவிடும். வெந்த காயோடு, ஊறவைத்து அரைத்து ஆவியில் வேகவைத்த துவரம்பருப்பை உதிர்த்துச் சேர்த்தால் அது பருப்பு உசிலி. மராத்தியர் அதே காயில் வேர்க்கடலைப் பொடியைச் சேர்ப்பர். கொத்தவரையைப் பிள்ளைகள் வெறுப்பது காயின் குற்றமன்று. முற்றிய காயைச் சமைப்பவரின் குற்றம்.

வெண்டையைக் கழுவித் துடைத்து ஈரம் உலர்ந்த பின்னரே நறுக்க வேண்டும். ஈரம் பட்டால் வழவழப்பு மிகும். புளி அவ்வழவழப்பைக் குறைக்கும். ஆயினும் மற்றக் காய்களுக்குப் புளியை முதலிலேயே ஊற்றக் கூடாது. புளிப்பில் காய் எளிதில் வேகாது. அதனால்தான் பாட்டிமார் குழம்பில் காய் வெந்த பிறகு புளியைக் கரைத்து விடுகின்றனர்.

பீர்க்கங்காயின் சதை கூட்டுக்கு ஆகும். நரம்போடு சீவிய தோலைத் தமிழர் வதக்கி, உளுந்தும் மிளகாயும் புளியும் சேர்த்துத் துவையல் அரைப்பர். மராத்தி வீடுகளிலும் அந்த நரம்பு சட்டினியாகிறது. பக்கத்து வீட்டுக்காரர் இருவரும் குப்பைக்கு அனுப்புவது ஒன்றுமில்லை.

சுரைக்காயில் மட்டும் விழிப்பு வேண்டும். நறுக்கியதும் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட வேண்டும். கசந்தால் காய் முழுவதையும் எறிந்துவிட வேண்டும். அக்கசப்பு நஞ்சு, சமைத்தாலும் அது நீங்காது. இச்சோதனையைப் பெரியவர்களே செய்தல் நன்று.

மே மாதத்தில் கிணறுகளில் நீர் குறையும்போது கீரைகளே முதலில் கூடையிலிருந்து மறைகின்றன. சூனில் மழை தொடங்கிச் சில வாரங்கள் சென்றபின் அவை திரும்பி வருகின்றன.