காகமே முதற்பாடம்

பறவை அவதானம் என்றவுடன் சிங்கராஜ வனமும் விலையுயர்ந்த தொலைநோக்கியும் மனத்தில் தோன்றுவதால், வெள்ளவத்தையின் தொடர்மாடியிலோ கொட்டாஞ்சேனையின் நெருங்கிய ஒழுங்கையிலோ வாழும் பிள்ளைகள், அது தமக்குரிய வித்தையன்று என ஒதுங்கிவிடுகின்றனர். அவ்வித்தையின் முதற்பாடமோ அவர்கள் வீட்டு மதிலில் நாள்தோறும் வந்து அமர்கிறது. கழுத்து சாம்பல் நிறமாயிருப்பின் வீட்டுக் காகம். உடல் முழுதும் கருமையாய், அலகும் தடித்திருப்பின் அண்டங்காகம். இவ்விரண்டையும் ஐயமறப் பிரித்தறியப் பழகிய கண்ணுக்கு, மாவிலைகளின் மறைவில் இரத்தச் சிவப்பான விழியோடு அமர்ந்திருக்கும் ஆண் குயிலும், உடலெங்கும் வெண்புள்ளிகள் தூவிய அதன் பேடும் நெடுங்காலம் தப்பியிருக்க இயலாது. குயிற்குஞ்சைத் தன் குஞ்சென நம்பிக் காகம் இரையூட்டும் காட்சியும் ஒருநாள் கிட்டும்.

தொடக்கத்தில் வேண்டியவை ஒரு கொப்பியும் பென்சிலுமே. திகதி, நேரம், இடம் ஆகியவற்றோடு, கண்ட பறவை காகத்தினும் சிறிதா, மைனாவினும் பெரிதா, அலகு கூரியதா வளைந்ததா, தத்துகிறதா நடக்கிறதா என்பவற்றை அவ்விடத்திலேயே குறிக்க வேண்டும்; பெயரைப் பின்னர் தேடலாம். எட்டு மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி, ஆர்வம் நிலைபெற்றபின் வாங்கத்தக்கது. கூட்டை நெருங்காதிருத்தல் முதல் தர்மம்.

அடுத்த பாடம் நீர்க்கரையில். வெள்ளவத்தைக் கால்வாயோரம், மூழ்கி நனைந்த சிறகுகளை விரித்து உலர்த்தும் நீர்க்காகத்தைக் காணலாம்; கொட்டாஞ்சேனையார்க்கு, களனி கங்கை கடலோடு சங்கமிக்கும் மட்டக்குளிக் காக்கைதீவு அண்மையிலேயே உள்ளது. தெஹிவளைக்கு அப்பால், 1990இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட பெல்லன்வில அத்திடிய சதுப்பு நிலம் விரிகிறது. புரட்டாதி தொடங்கிப் பங்குனி வரை வலசைப் பறவைகளின் காலம். இமயத்தின் அடிவாரக் காடுகளிலும் கூடுகட்டும் ஆறுமணிக்குருவி, அப்பருவத்தில் கொழும்பின் தோட்டங்களிலும் வந்திறங்கும்.

கொழும்பு நூதனசாலையில் சித்திரக்காரராய்ச் சேர்ந்த ஜி. எம். ஹென்றி என்பார், நெடுங்கால அவதானத்தின் பயனாக, தம் கையாலேயே வரைந்த ஓவியங்களோடு 1955இல் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் பற்றிய நூல், இன்றும் ஆதாரமாய்ப் போற்றப்படுகிறது. துணை நாடுவோர்க்கு, கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1976 முதல் இயங்கும் இலங்கைக் களப் பறவையியற் குழு உண்டு.

கொழும்பு 2018இல் ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. அப்பெருமை நிலைக்க வேண்டுமாயின், எந்தச் சதுப்பில் எந்தப் பறவை எம்மாதம் வந்தது, எவ்வாண்டு வராது நின்றது என்பதைச் சொல்லவல்ல சாட்சிகள் வேண்டும். திகதியிட்டு நேர்மையாய் எழுதப்பட்ட மாணவர் கொப்பியும் அத்தகைய சாட்சியே.