நிருபராக விரும்பும் நம் பிள்ளைகள்

பிள்ளை டாக்டராக வேண்டும், எஞ்சினீயராக வேண்டும் என்று விரும்பாத குடும்பம் நம்மிடையே அரிது. ஊரை விட்டு வந்து, வேற்று மொழி வழங்கும் நகரில் வாடகை வீட்டில் வாழ்க்கையைத் தொடங்கியவர்கள், தம் மக்களுக்கு நிலையான உத்தியோகத்தை நாடுவதில் வியப்பில்லை. இந்நிலையில் கல்லூரியில் படிக்கும் மகனோ மகளோ பத்திரிகை நிருபராகப் போவதாகச் சொன்னால், பெற்றோர் திகைப்பது இயல்பே. அந்தத் திகைப்புக்குக் காரணமும் உண்டு. தொடக்கத்தில் பெரும்பாலும் ஊதியம் குறைவு. வேலை நேரத்துக்கு வரம்பில்லை. நள்ளிரவில் வீடு திரும்ப நேரலாம். இவற்றை மறைப்பது முறையன்று. ஆயினும், இத்தொழில் எத்தகையது, அதற்குத் தயாராவது எப்படி என்பதை அறிந்த பிறகு ஒரு முடிவுக்கு வருவதே நியாயம்.

திருவல்லிக்கேணி அறுவர்

1878-ஆம் ஆண்டில் தி. முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டார். இந்தியர் ஒருவருக்கு அப்பதவி கிடைத்ததை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் ஏளனம் செய்தன. அதற்கு விடையளிக்க இந்தியர் கையில் தக்க பத்திரிகை இல்லை. அக்குறையைப் போக்க முன்வந்தவர்கள் ஆறு இளைஞர்கள். ஜி. சுப்பிரமணிய ஐயருக்கு அப்போது வயது 23, அவரும் மு. வீரராகவாச்சாரியாரும் ஆசிரியர்கள். மற்ற நால்வரும் சட்டம் பயின்ற மாணவர்கள். ஒரு ரூபாய் பன்னிரண்டணா கடன் வாங்கி, 80 பிரதிகள் அச்சிட்டு, அவ்வாண்டு செப்டம்பர் 20-ஆம் தேதி ‘ஹிந்து’ வார இதழை வெளியிட்டனர்.

இந்த வரலாற்றைச் சொல்வோர் பலர் இங்கேயே நிறுத்திவிடுகின்றனர். பின்னர் நடந்ததுதான் இளைஞர்கள் கருத வேண்டியது. சட்ட மாணவர்கள் நால்வரும் விரைவில் வக்கீல் தொழிலுக்குச் சென்றனர். பத்திரிகையின் சுமை இருவர் தோள்களில் விழுந்தது. அவ்விருவரும் தளராது உழைத்ததால் 1883-இல் அது வாரம் மும்முறை இதழாயிற்று, 1889-இல் நாளிதழாயிற்று. உற்சாகம் பத்திரிகையைத் தொடங்கி வைக்கும். நாள்தோறும் சலிக்காது உழைக்கும் பழக்கமே அதைக் காப்பாற்றும்.

மொழிபெயர்ப்பு என்னும் பயிற்சி

சுப்பிரமணிய ஐயர் 1882-இல் ‘சுதேசமித்திரன்’ என்னும் தமிழ்ப் பத்திரிகையையும் தொடங்கினார். 1904-இல் அங்கு உதவியாசிரியராகச் சேர்ந்த இளைஞரே சுப்பிரமணிய பாரதியார். அவருக்குக் கிடைத்த அலுவலில் பெரும்பகுதி, ஆங்கிலத்தில் வந்த செய்திகளைத் தமிழாக்குவது. உலக அரசியலை எளிய தமிழில் சொல்லும் ஆற்றலை வளர்த்துக்கொள்ள அது அரிய வாய்ப்பு அன்றோ?

வெளியூர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது மிகவும் பொருந்தும். வீட்டில் தமிழ், தெருவில் இந்தியோ மராத்தியோ வங்காளியோ, வகுப்பில் ஆங்கிலம் என மூன்று மொழிகள் அவர்களுக்கு இயல்பாகவே வாய்க்கின்றன. சந்தையில் கூடை சுமப்பவரிடமும் அரசாங்க அதிகாரியிடமும் அவரவர் மொழியில் பேசத் தெரிந்த நிருபருக்குக் கிடைக்கும் செய்தி, பிறருக்கு எளிதில் கிடைக்காது. பம்பாயில் 1930-இல் ‘ஃப்ரீ பிரஸ் ஜர்னல்’ என்னும் ஆங்கில நாளிதழை நிறுவி, விடுதலைப் போராட்டச் செய்திகளைத் துணிந்து வெளியிட்ட எஸ். சதானந்த் தமிழரே என்பதை நினைவிற்கொள்வோம். ஆனால் வீட்டில் தமிழை நழுவ விட்டால், இம்மூன்றில் ஒன்று நம் கையாலேயே பறிபோகும்.

ஒரு பெயரின் மதிப்பு

புதிதாகத் தொழிலுக்கு வருபவர் அழகிய நடையையே பெரிதாக எண்ணுகிறார். அனுபவம் மிக்க ஆசிரியரோ முதலில் பெயர்களைச் சரிபார்க்கிறார். தலைப்பெழுத்து ஒன்று மாறினால், திருட்டு வழக்கில் சிக்கியவர் வேறு, பத்திரிகை காட்டும் நபர் வேறு என்றாகிவிடும். மறுநாள் மூலையில் வெளியாகும் திருத்தம், முதல்நாள் செய்தியைப் படித்த அனைவர் கண்ணிலும் படுவதில்லை. அந்த மனிதரின் மகள் பள்ளியில் தலைகுனிந்து நிற்பாள். எனவே பெயரை உரியவரிடமே கேட்டு எழுதி, எழுதியதை அவருக்கே படித்துக் காட்டுவது நலம். சிறுவர்கள் சம்பந்தப்பட்ட வழக்குகளில், அவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் தடை செய்கிறது. இதையும் இளம் நிருபர் அறிந்திருக்க வேண்டும்.

கைப்பேசியில் நொடிக்கு நொடி வதந்தி வரும் இக்காலத்தில், முந்திச் சொல்வது பெருமையன்று. சரியாகச் சொல்வதே பெருமை. தக்க ஆதாரம் பெறும் வழிகளும் பெருகியுள்ளன. 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி, மத்திய அரசு அலுவலகத்துக்குப் பத்து ரூபாய் கட்டணம் செலுத்தி எந்தக் குடிமகனும் விவரம் கேட்கலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும். கல்லூரி மாணவருக்கும் இவ்வுரிமை உண்டு.

வீடும் சங்கமும் செய்யக்கூடியவை

முறையான படிப்புக்கு இடங்கள் உள்ளன. டில்லியில் இந்திய மக்கள் தொடர்புக் கழகம் 1965-இல் தொடங்கப்பட்டது. சென்னையில் ஆசிய இதழியல் கல்லூரி உள்ளது. தமிழில் எழுத விரும்புவோருக்கு ஆனந்த விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் பல ஆண்டுகளாக நுழைவாயிலாக இருந்து வந்திருக்கிறது. எனினும், முதலில் பொருளாதாரமோ சட்டமோ விஞ்ஞானமோ ஒரு துறையில் பட்டம் பெறுவது நன்று. எழுத ஒரு பொருளும் கிடைக்கும். இத்தொழில் ஒத்துவராவிடில் வேறு வழியும் திறந்திருக்கும். பெற்றோரின் கவலைக்கு இதுவே தக்க விடை.

அதற்கு முன்பே தொடங்கக்கூடிய பயிற்சி நம் சங்கத்தில் உண்டு. ஆண்டுக் கூட்டத்தைப் பற்றி இருநூறு சொற்களில் எழுதித் தரும்படி ஒரு மாணவியிடம் சொல்லலாம். “தலைவர் வரவேற்றார், செயலாளர் நன்றி கூறினார்” என்று எழுதினால் திருப்பித் தருவோம். என்ன தீர்மானித்தார்கள், எவ்வளவு செலவாகும், மறுத்தவர் யார், அவர் கூறிய காரணம் என்ன என்று கேட்டு எழுதச் செய்வோம். அந்த மறுப்பு நிர்வாகிகளுக்குக் கசந்தாலும் அச்சேறட்டும். உண்மையை எழுதியதற்காகத் தன் சொந்தச் சங்கத்தில் கடிந்துகொள்ளப்படாத பிள்ளையே, நாளை அமைச்சர் முன்னிலையிலும் தயங்காமல் கேள்வி கேட்கும்.