சிஸ்பிளாட்டின்: வாரா வாரமா, மூணு வாரத்துக்கு ஒருக்காவா?

முத்தையாபுரத்தில் சொந்தக்காரர் ஒருவருக்கு வாய்ப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்தது. அடுத்து ரேடியேஷன், கூடவே கீமோ. "மூணு வாரத்துக்கு ஒருக்கா போடுறதா, வாரா வாரமா? எது தம்பி நல்லது?" என்று வீட்டில் கேட்டார்கள். நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். ஆய்வுக் கட்டுரைகளில் படித்ததை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ரெண்டு முறையிலும் மருந்து ஒன்றுதான்: சிஸ்பிளாட்டின். ரேடியேஷனால் சேதமான புற்று செல் தன் டி.என்.ஏ.வைச் சரிசெய்துகொள்ள விடாமல் இது தடுக்கிறது. ஆனா சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கலாம், வாந்தியும் அதிகம்.

பழைய முறை, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 100 மி.கி., மூணு வாரத்துக்கு ஒருமுறை. மும்பை டாடா மெமோரியல் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, இதை வாரம் 30 மி.கி. முறையோடு ஒப்பிட்டது. மொத்தம் 300 பேர். பெரும்பாலோர் ஆபரேஷன் முடிந்தவர்கள். நோய் அதே இடத்திலோ கழுத்திலோ திரும்பாமல் ரெண்டு வருஷம் கட்டுக்குள் இருந்தது வாரமுறையில் 58.5%, மூணு வார முறையில் 73.1%. கடுமையான பக்கவிளைவு வாரமுறையில் 71.6%, மற்றதில் 84.6%. உயிர்பிழைப்பில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை.

அப்போ வாரமுறை தோற்றுவிட்டதா? கணக்கைப் பாருங்க. 30 மி.கி. ஆறு வாரத்துக்கு 180தான். 100 மி.கி. மூணு தடவைக்கு 300. தோற்றது வாரமுறையா, குறைந்த டோஸா?

ஜப்பானில் 2022-இல் வெளியான ஆய்வு வாரம் 40 மி.கி. கொடுத்துப் பார்த்தது. ஆபரேஷனுக்குப் பிறகும் நோய் திரும்பும் அபாயம் அதிகமுள்ள 261 பேர். மூணு வருஷம் உயிரோடு இருந்தவர்கள் வாரமுறையில் 71.6%, மூணு வார முறையில் 59.1%. வாரமுறை சளைத்ததில்லை என்பதே அதன் முடிவு. 30-ஐயும் 40-ஐயும் இந்த ஆய்வுகள் நேருக்கு நேர் ஒப்பிடவில்லை. ஆனாலும் "வாரா வாரம்" என்ற சொல்லை மட்டும் வைத்து முடிவெடுக்கக்கூடாது என்பது தெளிவு.

சிறுநீரகமோ காதோ ஏற்கெனவே பலவீனம் என்றால்? சிஸ்பிளாட்டின் ஒத்துவராதவர்களுக்கு வாரம் 15 மி.கி. டோசிடாக்சல் கொடுத்து டாடா மெமோரியல் 2023-இல் இன்னொரு ஆய்வை வெளியிட்டது. ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களில் ரெண்டு வருஷம் உயிரோடு இருந்தவர்கள் 41.7%, டோசிடாக்சல் சேர்த்தபோது 50.8%. அதற்கு விலையும் உண்டு: கடுமையான வாய்ப்புண் 22.2%-இலிருந்து 49.7% ஆனது.

டாக்டரிடம் கேட்க மூணு கேள்வி: ஒரு தடவைக்கு எத்தனை மி.கி.? மொத்தம் எவ்வளவு உடம்பில் சேரும்? கிரியாட்டினினும் காது கேட்கும் திறனும் பார்த்தாச்சா? பதிலைத் தேதி போட்டு நோட்டில் எழுதிக்கோங்க.