'ஓடு' என்னும் வினை: அகராதிப் பொருளும் தோட்டப்புற வரலாறும்

ஒரு சொல் பல பொருள்களைக் குறிப்பதும், பல சொற்கள் ஒரு பொருளைக் குறிப்பதும் தமிழிலக்கண மரபு நெடுங்காலமாக அறிந்தவையே. தொல்காப்பியர் திரிசொல்லை வகுத்தபோது இவ்விரு இயல்புகளையும் சுட்டினார். திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் இத்தகைய சொற்களைத் தொகுத்தன. ஆயினும் தொகுத்தல் வேறு, விளக்குதல் வேறு. ஒரு சொல் ஏன் பல பொருள் பெறுகிறது, எப்பொருள் யாருடைய வாயில் வழங்கிற்று, எது ஏட்டில் ஏறியது, எது ஏறாமற் போயிற்று என்னும் வினாக்களை நிகண்டுகள் எழுப்பவில்லை. ஆங்கிலத்தின் சாதாரண இயக்க வினைகளுள் ஒன்றாகிய 'ரன்' என்பதையும், அதற்கு நேராக நாம் கொள்ளும் 'ஓடு' என்பதையும் எடுத்துக்கொண்டு, ஏட்டில் இறக்குவானை எனவும் பேச்சில் றக்வான எனவும் வழங்கும் சபரகமுவ மாகாணத் தோட்டப்புறத்திலிருந்து அவ்வினாக்களை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் மூன்றாம் பதிப்புக்காக 'ரன்' என்னும் வினையை மீளாய்வு செய்தவர்கள் அதற்கு 645 பொருள்களை இனங்கண்டனர் என 2011இல் அறிவிக்கப்பட்டது. மனிதனும் விலங்கும் ஓடுதல், நீர் ஓடுதல் ஆகிய பழம்பொருள்களோடு இயந்திரம் இயங்குதல், புகைவண்டி குறித்த நேரப்படி செல்லுதல், நிறுவனத்தை நிருவகித்தல் எனப் புதுப்பொருள்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. இயந்திரத் தொழிலும் வணிக மூலதனமும் வளர்ந்த காலத்தில் இச்சொல்லின் எல்லை பெரிதும் விரிந்தது என்பது கருத்திற் கொள்ளத்தக்கது. சொல்லின் வளர்ச்சி சமூக உற்பத்தியின் வளர்ச்சியோடு இணைந்தே நிகழ்கிறது.

தமிழ் 'ஓடு' என்பதும் வளமற்ற சொல்லன்று. இரத்தம் ஓடுகிறது, காலம் ஓடுகிறது, வேர் ஓடுகிறது, மணிக்கூடு ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது. இலங்கைப் பத்திரிகைகள் கிரிக்கெட் விளையாட்டில் எடுப்பதையும் 'ஓட்டங்கள்' என்றே எழுதுகின்றன. எனினும் இரு சொற்களும் எங்கும் ஒத்துச் செல்வதில்லை. ஆங்கிலேயரின் மூக்கு 'ஓடும்' இடத்தில் நம் மூக்கு ஒழுகுகிறது. சாயம் ஓடாது, போகும். பணம் ஓடித் தீராது, தீர்ந்துபோகும். றப்பர் மரத்துப் பால் வடியும். அமெரிக்கர் தேர்தலில் 'ஓடுகின்றனர்'. நாம் தேர்தலில் நிற்கிறோம். ஆங்கிலேயர் கடையை 'ஓடுகின்றனர்'. நாம் கடையை நடத்துகிறோம். அவர்கள் மொழியில் ஓட்டமாயிருக்கும் நிருவாகம் நம் மொழியில் நடையிலிருந்து பிறந்த பிறவினையாக உள்ளது. ஆகவே ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என மொழிபெயர்ப்போர் ஈற்றில் பொருளை இழப்பர்.

இவ்விடத்து இலக்கண வேறுபாடொன்று முதன்மை பெறுகிறது. ஆங்கிலத்தில் தானே ஓடுவதும், பிறிதொன்றை இயக்குவதும் ஒரே வடிவாலேயே குறிக்கப்படும். தமிழிலோ 'ஓடு' தன்வினை, 'ஓட்டு' பிறவினை. 'மாடு ஓடியது' என்பதற்கும் 'மாட்டை ஓட்டினான்' என்பதற்கும் இடையே செய்பவன் மாறிவிடுகிறான். யாழ்ப்பாணத்து வழக்கில் 'கார் ஓடுகிறார்' எனச் செலுத்துவோரையும் தன்வினையாற் கூறும் விலக்கு உண்டு. அது தனியே ஆராயத்தக்கது. பொதுவாக, ஓடுபவர் யார், ஓட்டுபவர் யார் என்பதைத் தமிழ் வினையின் வடிவே காட்டிவிடுகிறது. தோட்டப்புறத்தின் வரலாற்றுக்கு இவ்வேறுபாடு மிகப் பொருத்தமானது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலாக றக்வானப் பகுதியில் முதலிற் கோப்பியும், 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்தபின் தேயிலையும், தாழ்ந்த சரிவுகளில் றப்பரும் பயிராயின. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணி மூலம் வந்த தொழிலாளி, வழிச்செலவும் முற்பணமும் கடனாக ஏறிய நிலையிலேயே லயத்துக்குள் நுழைந்தான். துரை தோட்டத்தை 'ரன்' பண்ணினார். அவ்வினைக்குத் தோட்டம் செயப்படுபொருள். தொழிலாளியோ அதே வினையைத் தனக்காகச் செய்தபோது குற்றவாளியானான். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதலைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

அவ்வாறு நீங்கியவனைத் தோட்டத்துரைமார் 'போல்ட்டர்' என்றனர். 'ரன்' என்பதன் ஒருபொருட் சொற்களுள் ஒன்றாக அகராதிகள் தரும் 'போல்ட்', கடிவாளத்துக்கு அடங்காது பாய்ந்தோடும் குதிரைக்கும் வழங்குவது. அது தற்செயலான தெரிவன்று. தொழிலாளியை உடைமைப் பொருளாகக் கண்ட பார்வை அச்சொல்லில் உறைந்துள்ளது. கடிதப்பையைச் சுமந்து சென்ற ஊழியனை ஆங்கிலம் 'ரன்னர்' என்றது. தோட்டத் தமிழோ சுமந்த பொருளால் அவனைத் 'தப்பால்காரன்' என்றது. எசமானுக்காக ஓடியவனுக்கு ஒரு சொல்லும், தனக்காக ஓடியவனுக்கு வேறொரு சொல்லும் ஆங்கிலத்தில் வாய்த்தன.

இதற்கு மறுபுறத்தில் 'துண்டு' என்னும் சிறிய தமிழ்ச்சொல் ஆங்கில நிருவாக ஏடுகளுட் புகுந்தது. கடனைத் தீர்த்தால் இன்னாரை விடுவிக்கச் சம்மதம் எனத் தோட்டம் எழுதிக் கொடுக்கும் தாளே துண்டு. துண்டோடு சென்றவன் 'மாறினான்'. துண்டின்றிச் சென்றவன் 'ஓடினான்'. நடந்த தூரமும் வேகமும் ஒன்றாகவே இருக்கலாம். வினையை மாற்றியது தாள் ஒன்றேயாம். கங்காணியே தன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வேறு தோட்டத்துக்கு நீங்கியதும் உண்டு. அங்கே ஆட்கள் ஓடினரா, ஓட்டப்பட்டனரா என்பதற்கு விடை காண்பது எளிதன்று. துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

புறத்திணை மரபில் 'ஓடுதல்' என்பது புறங்கொடுத்தலையும் குறிக்கும். ஓடாமை வீரனின் பெருமை. நிலமும் படையும் உடையோரின் அறவியல் அது. கடனாலும் சட்டத்தாலும் கட்டுண்ட கூலியாளுக்குச் சங்கம் அமைக்கும் உரிமையும் வேலைநிறுத்த உரிமையும் கைகூடாத காலத்தில், உழைப்பை மீட்டுக்கொண்டு வெளியேறுதலே கிட்டிய எதிர்ப்பு முறைகளுள் ஒன்றாக இருந்தது. வீரயுகத்தில் இழிவாயிருந்த சொல் இங்கு எதிர்ப்பின் பெயராயிற்று. ஒரே சொல்லில் வெவ்வேறு வர்க்கங்களின் அழுத்தங்கள் மோதுகின்றன என 1929இல் வொலோஷினொவ் முன்வைத்த கருத்துக்கு இது தக்க சான்றாகும். எனினும் தனியாளின் ஓட்டத்தை நாம் மிகைப்படப் போற்றுதலுமாகாது. ஓடியவர் பலர் மற்றொரு தோட்டத்தின் மற்றொரு லயத்தையே அடைந்தனர். ஒழுங்கமைந்த தொழிற்சங்க இயக்கம் தோன்றிய பின்னரே நின்று போராடல் என்பது நடைமுறைக்கு வந்தது.

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின் இயக்க வினைகள் வேறொரு வகையிற் பெருகின. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாகக் கொண்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். தமிழகத்தில் இவர்கள் 'தாயகம் திரும்பியோர்' எனப்பட்டனர். திரும்புதல் என்பது முன்னர் இருந்த இடத்துக்கு மீளச் செல்லுதல். சபரகமுவத் தோட்டமொன்றிற் பிறந்து, கடல் கடந்திராத ஒருவர் இராமேஸ்வரத்தில் இறங்கியபோது எங்குத் 'திரும்பினார்'? அனுப்பப்பட்டவரைத் திரும்பியவர் என்னும்போது பிறவினை தன்வினையாகிறது. அனுப்பிய அரசுகள் வாக்கியத்திலிருந்து மறைகின்றன.

1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டப்புறங்களில் வன்செயல் பரவியபோது மக்கள் லயங்களை விட்டு ஓடினர். 1977இலும் 1981இலும் பாதிக்கப்பட்டோரில் ஒரு பகுதியினர் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளிற் குடியேறினர். ஏடுகள் இவர்களை 'இடம்பெயர்ந்தோர்' என்றன. 'பெயர்' தன்வினை, 'பெயர்த்தல்' பிறவினை என்பதை இங்கும் நினைவுகூர வேண்டும். நாடற்றோராய் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. ஆயின் அதற்கு முன்னரே எண்ணிறந்தோர் தம் விருப்பாற் சென்றவர்போல மொழியில் பதிவாகிவிட்டனர்.

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வரவும் தரவும் தன்மை முன்னிலைகளுக்கும், செலவும் கொடையும் படர்க்கைக்கும் உரியன என வகுத்தார். இயக்க வினையின் பொருள் பேசுவோன் நிற்கும் இடத்தைச் சார்ந்தது என்னும் நுட்பம் அவ்விதியில் அடங்கியுள்ளது. அவ்விடத்தைப் புவியியல் இடமாக மட்டுமன்றி, சமூக இடமாகவும் கொள்ளுதல் வேண்டும். துரையின் பங்களாவிலிருந்து நோக்க 'ஓடிப்போன' ஒருவன், லயத்திலிருந்து நோக்கத் 'தப்பிய' ஒருவன்.

1862இல் வெளிவந்த வின்ஸ்லோவின் அகராதிக்கும், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனுக்கும் தோட்டத் தொழிலாளரின் வழக்கு முதன்மைச் சான்றாக அமையவில்லை. துண்டு, பெரட்டு, தப்பால், கவ்வாத்து முதலிய பெயர்ச்சொற்களைத் தொகுக்கும் ஆர்வம் இன்று ஓரளவு உண்டு. பெயர்ச்சொற்களோடு நின்றுவிடாமல் போ, வா, ஏறு, இறங்கு, ஓடு, மாறு, திரும்பு ஆகிய வினைகளையும், அவற்றை யார் யாரைக் குறித்துக் கூறினர் என்னும் குறிப்போடு பதிவு செய்தல் வேண்டும். றக்வான, பலாங்கொடை, காவத்தை, கேகாலைத் தோட்டங்களில் முதியோரின் நினைவில் இவ்வழக்குகள் இன்னும் உள்ளன. அவர்களுக்குப் பின் எஞ்சப்போவன நிருவாக ஏடுகளின் வினைகளே. ஆதலின் இப்பணியைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் அத்தோட்டப்புறங்களிலிருந்து வரும் மாணவரும் காலந்தாழ்த்தாது மேற்கொள்ள வேண்டும்.